மூடுமுன் பார்ப்போம்: வீட்டுக் குழாய் வேலை பற்றிய ஒரு பாடம்



வீடு கட்டுவது பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அத்திவாரம், சுவர், கூரை என்று ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, கையால் தட்டி, நாலு பேரிடம் கேட்டுச் செய்கிறோம். ஆனால் குழாய் வேலை என்று வந்தவுடன் அதை முழுதாக இன்னொருவர் கையில் விட்டுவிடுகிறோம். காரணம், அது சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் மறைந்துபோகும் வேலை. கண்ணுக்குத் தெரியாததைப் பற்றிக் கேட்க எங்களுக்குக் கூச்சம். இந்தப் பாடம் அந்தக் கூச்சத்தைப் போக்குவதற்காக எழுதப்படுகிறது. குழுவாகக் கூடியிருந்து ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டு, இறுதியிலுள்ள வினாக்களைப் பற்றிக் கலந்து பேசினால் பயன் அதிகம்.

ஒரு வீட்டின் கதை

கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இது ஒரு தனிக் குடும்பத்தின் கதை அல்ல. பல வீடுகளில் கண்டவற்றை ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறோம்.

அந்தக் குடும்பம் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, மன்னார்க் கரையிலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கியது. ஊரில் தோட்டமும் கிணறும் இருந்தன. இங்கே பல ஆண்டுகள் கிடுகுக் குடிசை, பொதுக் கிணறு, பொது மலசலகூடம். 2007 இல் உலக வங்கியின் கடனுதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கியபின், கட்டங் கட்டமாகக் கிடைத்த காசோடு நகையை அடகு வைத்த காசையும் சேர்த்துக் கல்வீடு கட்டினார்கள். பின்னர் கொஞ்சங் கொஞ்சமாகப் பணம் சேர்த்து, உள்ளேயே குளியலறையும் மலசலகூடமும் அமைத்து, தாங்கி வைத்துக் குழாய் இழுத்தார்கள்.

குழாய் வேலை இரண்டே நாளில் முடிந்தது. மூன்றாம் நாள் மேசன் வந்து சாந்து பூசினார். டெப்பைத் திறந்தால் தண்ணீர் வந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. கூலி முழுவதும் கொடுத்தாயிற்று.

நாலாவது மாதம் சுவரின் அடியில் ஒரு கறுப்புத் திட்டுத் தெரிந்தது. பிறகு வர்ணம் உப்பி உதிர்ந்தது. மோட்டர் முன்பு நாளுக்கு ஒரு தரம் ஓடியது. இப்போது மூன்று தரம் ஓடியது. மின்சாரக் கட்டணம் ஏறியது. வீட்டுக்காரப் பெண் வேலை செய்தவரைத் தேடிப் போனார்.

"தம்பி, சுவரெல்லாம் ஊறுது. ஒருக்கா வந்து பாருங்களேன்."

"ராத்தா, நான் போட்ட நேரம் தண்ணி ஒழுங்காத்தானே வந்தது? மேசன் ஆணி அடிச்சிருப்பார். அவரைக் கேளுங்க."

மேசனைக் கேட்டால் அவர் பைப் பாஸைச் சொன்னார். கடைசியில் புதுச் சுவரை உடைத்தார்கள். உள்ளே பார்த்தால், இரண்டு குழாய்களைச் சேர்க்கும் இடத்தில் சொக்கெட் இல்லை. ஒரு குழாயின் வாயை நெருப்பில் வாட்டி விரித்து, மற்றக் குழாயை அதற்குள் செருகிப் பசை தடவியிருந்தது. ஒரு சொக்கெட்டின் விலையை மிச்சம் பிடித்த இடத்தில் ஒரு சுவரே போயிற்று.

பாடத்தின் பெரும் பகுதி இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீர் வந்தது என்பதை வேலை சரி என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். மூடுமுன் யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியது யாருடைய பொறுப்பு என்றும் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

எங்கள் கரையில் இது ஏன் பெரிய விடயம்?

கசியும் குழாய் எங்கேயும் நட்டம்தான். ஆனால் கற்பிட்டித் தீபகற்பத்தில் அந்த நட்டம் சுவரோடு நிற்பதில்லை.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு, நடுவில் மணல். அந்த மணலுக்குள் மழைநீர் இறங்கி, கீழேயுள்ள உப்பு நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. எங்கள் கிணறுகளில் இருப்பது அந்த நல்ல தண்ணீர்தான். உப்பு நீரைவிட நல்ல நீர் இலேசானது என்பதால் இப்படி மிதக்கிறது. நீரியலாளர்கள் சொல்லும் பொதுக் கணக்கின்படி, கடல் மட்டத்துக்கு மேலே நல்ல நீர் ஒரு அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும். மேலே ஒரு அடி குறைந்தால் கீழே உப்பு எவ்வளவு ஏறும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். ஆகவே வீணாகப் போகும் தண்ணீரை ஈடுசெய்ய மோட்டரைக் கூடுதலாக ஓட்டுவது, உப்பை மேலே அழைப்பதாகும்.

இரண்டாவது விடயம், மணல் எதையும் தடுத்து வைத்திருக்காது. மேலே போடுவது விரைவில் கீழே போய்விடும். சின்ன வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அளவுக்கு மிஞ்சிப் போடும் பசளை கிணற்றுக்குள் இறங்குவதை 1980 களிலிருந்தே ஆய்வாளர்கள் கற்பிட்டியில் அளந்து காட்டியுள்ளனர். குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இங்கே பல கிணறுகளில் அந்த அளவு தாண்டியிருந்தது. பசளை போகும் அதே வழியால்தான் மலக்குழியின் கழிவும் போகிறது. அதிலும் நைத்திரேற்று உண்டு. கூடவே நோய்க் கிருமிகளும் உண்டு.

இங்கே தாய்மார் ஒன்றை நன்றாக நினைவில் வைத்திருக்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. தண்ணீர் வற்றுவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். நைத்திரேற்று மிகுந்த தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், உடல் நீலம் பாய்வதுண்டு. ஆகவே குழாயும் குழியும் ஒழுங்காக இருப்பது அழகுக்காக அல்ல, பிள்ளைக்காக.

உலகம் படித்த ஒரு பாடம்

1854 ஆகஸ்ட் இறுதியில் இலண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் வாந்திபேதி பரவி 600 இற்கும் அதிகமானோர் இறந்தனர். வைத்தியர் ஜோன் ஸ்னோ, இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, புரோட் வீதியில் இருந்த பொதுக் கிணற்றுப் பம்பியே காரணம் என்று கூறினார். செப்டெம்பர் 8 ஆந் திகதி பம்பியின் கைபிடி கழற்றப்பட்டது.

பின்பு நடந்தது பலருக்குத் தெரியாது. அந்தக் கிணற்றை அதிகாரிகள் உள்ளே பார்த்தபோது குறை ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பகுதியின் இளம் உதவிக் குருவான ஹென்றி வைட்ஹெட் வீடு வீடாகச் சென்று விசாரித்தார். கிணற்றை அடுத்த வீட்டில், தொற்றுப் பெருகுவதற்கு முன்னரே ஒரு குழந்தை வயிற்றோட்டத்தால் நோயுற்று இறந்ததையும், அதன் துணிகளைக் கழுவிய நீர் வீட்டு மலக்குழிக்குள் ஊற்றப்பட்டதையும் அவர் கண்டறிந்தார். அதன்பின் 1855 இல் அந்தக் குழியைத் தோண்டிப் பார்த்தனர். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடி கூட இல்லை. குழியினதும் வடிகாலினதும் செங்கற்கட்டு உளுத்து, கற்களைக் கையால் தூக்கி எடுக்கக்கூடிய நிலையில் இருந்தது.

அந்த வடிகாலைக் கட்டிய மேசன் யாரையும் கொல்ல நினைத்திருக்க மாட்டார். அது மண்ணுக்குள் இருந்தது, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

குழாயைச் சேர்க்கும் சரியான முறை

எங்களில் பலருக்குப் பீ.வீ.சீ. குழாய் புதிதல்ல. தோட்டத்தில் ஸ்பிரிங்ளருக்கு நாங்களே குழாய் போட்டிருக்கிறோம். ஆனால் தோட்டத்துக் கையை வீட்டுக்குள் கொண்டு வரக் கூடாது. தோட்டத்தில் ஒரு மூட்டுக் கசிந்தால் பக்கத்துச் செடி கொஞ்சம் செழிப்பாக வளரும். அடுத்த நாள் கண்டு திருத்தலாம். வீட்டுச் சுவருக்குள் கசிந்தால் கண்டுபிடிக்கவே மாதங்கள் செல்லும்.

முதலில் பொருள். குழாயின் மேல் அச்சிட்டிருப்பதை வாசியுங்கள். குடிநீருக்கான பீ.வீ.சீ. குழாயின் இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 147. அந்த இலக்கமும், குழாயின் அளவும், அது தாங்கும் அமுக்க வகையும் குழாயில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். மழைநீர், கழிவுநீர் ஆகியவற்றுக்கான மெல்லிய குழாய் மலிவாக இருக்கிறதென்று அதைக் குடிநீருக்குப் போடக் கூடாது. பற்றுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மூட்டு. ஒரு நல்ல மூட்டுக்குத் தேவையான படிகள் இவை:

1. குழாயை நேராக வெட்ட வேண்டும். சரிவாக வெட்டினால் உள்ளே போகும் நீளம் ஒரு பக்கம் குறையும்.
2. வெட்டிய வாயிலுள்ள பிசிறை அரத்தால் எடுக்க வேண்டும்.
3. பசை தடவாமல் ஒரு தரம் செருகிப் பார்த்து, எவ்வளவு உள்ளே போகிறதென்று பென்சிலால் அடையாளம் வைக்க வேண்டும்.
4. குழாயின் வெளிப்புறத்தையும் சொக்கெட்டின் உட்புறத்தையும் துடைத்து உலர்த்த வேண்டும். எங்கள் காற்றில் மணலும் உப்பும் உண்டு. ஒரு மணல் பரல் இருந்தால் போதும், அங்கே வழி திறந்துவிடும்.
5. இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பசை தடவி, உடனே செருகி, கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் அசையாமல் பிடிக்க வேண்டும்.
6. வெளியே வழிந்த பசையைத் துடைக்க வேண்டும். தண்ணீர் அமுக்கம் கொடுக்குமுன் ஒரு நாள் விட வேண்டும்.

இந்தப் பசை ஒட்டுப்பசை அல்ல. அது பிளாஸ்ரிக்கின் மேற்பரப்பைக் கரைத்து, இரண்டையும் ஒன்றாக்குகிறது. அதனால்தான் அளவு மிக முக்கியம். குழாயும் சொக்கெட்டும் ஒன்றுக்கொன்று இறுக்கமாகப் பொருந்த வேண்டும். நெருப்பில் வாட்டிய வாயில் அந்த அளவு இராது. ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். கருகிய பிளாஸ்ரிக் பலமிழந்துவிடும். நெருப்பில் வாட்டும் மூட்டு சுவருக்குள் ஒருபோதும் வேண்டாம் என்று வேலை தொடங்குமுன்னரே சொல்லிவிடுங்கள்.

டெப்பைத் திருகிப் பொருத்தும் இடத்தில் வெள்ளை நாடாவை மரையின் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால், திருகும்போது நாடா கழன்று வரும். பிளாஸ்ரிக் மரையைச் சாவி போட்டு அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் அன்று கசியாது; சில வாரங்களில் வெடிக்கும். வெயில் படும் குழாய் காலப்போக்கில் நொறுங்கும் தன்மை அடையும். ஆகையால் கூரைமேல் ஓடும் குழாய்க்கு வர்ணம் பூசுங்கள், அல்லது மூடுங்கள்.

கழிவுக் குழாயும் குழியும்

நல்ல தண்ணீர்க் குழாயில் பிழை நடந்தால் தண்ணீர் நட்டம். கழிவுக் குழாயில் பிழை நடந்தால் நோய். எனவே இங்கே இன்னும் கூடிய கவனம் வேண்டும்.

கழிவுக் குழாய்க்குச் சரிவு வேண்டும். மலசலகூடத்திலிருந்து போகும் 4 அங்குலக் குழாய்க்கு 40 இற்கு 1 என்பது நல்ல சரிவு. அதாவது 10 அடி நீளத்துக்கு 3 அங்குல இறக்கம். நீர்மட்டமும் அளவுநாடாவும் இருந்தால் நீங்களே அளந்து பார்க்கலாம். மணலில் குழாயை வைத்து மூடும்போது, அடியில் மணலைத் தண்ணீர் தெளித்து இறுக்காவிட்டால், நடுவில் குழாய் தாழ்ந்து, தொட்டில் போலத் தொங்கி, அங்கே அடைப்பு உண்டாகும்.

மலசலகூடப் பாத்திரத்தின் வளைவில் எப்போதும் ஏறத்தாழ 2 அங்குல நீர் நிற்க வேண்டும். அந்த நீர்தான் நாற்றத்தையும் பூச்சிகளையும் மறிக்கும் கதவு. குளியலறைத் தரை வடிகாலுக்கும் இப்படி ஒரு வளைவு வேண்டும். குழியிலிருந்து எழும் காற்றுக் குழாயின் நுனிக்கு நுளம்பு வலை கட்டுங்கள்.

குழியின் இடத்தை, வீட்டின் படத்தை வரையுமுன்னரே தீர்மானிக்க வேண்டும். கிணற்றிலிருந்து 50 அடியை ஆகக் குறைந்த அளவாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மணலில் அதைவிடக் கூட விட இடமிருந்தால் விடுங்கள். உங்கள் கிணற்றை மட்டும் அளக்காதீர்கள். மீள்குடியேற்றக் காணிகள் சிறியவை. உங்கள் குழியிலிருந்து அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் அளக்க வேண்டும். தீபகற்பத்தில் நிலத்தடி நீர் பொதுவாக நடுமேட்டிலிருந்து கடலையோ களப்பையோ நோக்கி மெதுவாக நகரும். எனவே கிணறு மேட்டுப் பக்கமும் குழி நீர்க்கரைப் பக்கமும் இருப்பது நல்லது. ஆழமாகத் தோண்டி நிலத்தடி நீரைத் தொடும் குழி, குழியல்ல. அது இன்னொரு கிணறு. மாரியில் நீர் எவ்வளவு மேலே வருமென்று ஊரில் பழைய ஆட்களைக் கேளுங்கள். நீர் மேலே நிற்கும் இடத்தில், அடியும் பக்கமும் சீமெந்து பூசி ஒழுகாமல் கட்டிய தாங்கியும், ஆழம் குறைந்த, சற்று உயர்த்திய உறிஞ்சு குழியும் தேவை. இது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை கேளுங்கள். பிரதேச சபையில் கட்டட அனுமதி பெறும்போதும் குழியின் இடத்தைப் படத்தில் காட்டுங்கள்.

தண்ணீர் திரும்பி ஓடினால்?

குழாயில் தண்ணீர் ஒரு திசையில்தான் ஓடும் என்று நினைக்கிறோம். மேலே அமுக்கம் குறைந்தால் அது திரும்பியும் ஓடும். கிருமிநாசினி கலக்கும் வாளிக்குள் ரப்பர்க் குழாயின் நுனியை அமிழ்த்தி வைத்துவிட்டு நாங்கள் வேறு வேலை பார்ப்பதுண்டு. அந்த நேரம் தாங்கி வெறுமையாகி, கீழேயுள்ள ஒரு டெப்பை யாரேனும் திறந்தால், வாளியில் இருப்பதைக் குழாய் உறிஞ்சி எடுக்கலாம். அடுத்து அந்த டெப்பில் தண்ணீர் குடிப்பவர் யாரோ?

1933 இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் உலகக் கண்காட்சி நடந்தபோது, விருந்தினர் தங்கிய விடுதிகளில் பழுதான குழாய் அமைப்பினால் கழிவுநீர் குடிநீரோடு கலந்தது. சீதபேதி பரவி 98 பேர் இறந்தனர். பெரிய நகரம், பெரிய கட்டடம். பிழை மாத்திரம் எங்கள் வாளியில் நடப்பது போன்றதுதான்.

ஆகையால், நுனிக்கும் வாளியின் விளிம்புக்கும் இடையில் ஒரு கையளவு இடைவெளி எப்போதும் இருக்கட்டும். தோட்டத்துக்குப் போகும் குழாய்க்கும் வீட்டுக்குப் போகும் குழாய்க்கும் இடையே, நீரைத் திரும்ப விடாத வால்வு ஒன்றைப் போடுங்கள். மோட்டர்க் குழாய் வழியாகப் பசளை செலுத்துபவர்கள் அந்தக் குழாயிலிருந்து வீட்டுக்கு இணைப்பு எடுக்கவே கூடாது.

மூடுமுன் செய்யும் பரீட்சை

இதுதான் பாடத்தின் மையம். குழாய் பதித்து முடிந்ததும், சாந்து பூசுமுன், மண் போடுமுன், வீட்டுக்காரரும் வேலை செய்தவரும் ஒன்றாக நின்று பார்க்க வேண்டும்.

எல்லா வாயையும் மூடியால் அடைத்து, தாங்கியை நிரப்பி, குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றி, ஒரு இரவும் பகலும் விடுங்கள். தாங்கியின் நீர்மட்டத்தைக் கரியால் அடையாளமிடுங்கள். அடுத்த நாள் மட்டம் இறங்கியிருக்கிறதா? ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த கடதாசியால் துடைத்துப் பாருங்கள். கடதாசி நனைந்தால் அந்த மூட்டை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டும். மேலே பசை பூசி மறைப்பது திருத்தமல்ல.

ஒன்றைக் கவனியுங்கள். 15 அடி உயரத்தில் இருக்கும் தாங்கி அரைப் பங்கு வளிமண்டல அமுக்கம் கூடக் கொடுப்பதில்லை. அத்தகைய மெல்லிய அமுக்கத்தில் கெட்ட மூட்டும் சில காலம் பொறுத்துக்கொள்ளும். பின்னொரு நாள் பொது நீர் வழங்கல் இணைப்பை நேராகக் கொடுத்தால், அல்லது மோட்டரை நேராக இணைத்தால், அமுக்கம் பல மடங்காகி அந்த மூட்டுத் திறந்துவிடும். ஆகவே, கைப்பம்பியால் அமுக்கம் ஏற்றிப் பரீட்சிக்கும் கருவி வைத்திருக்கும் ஒருவர் கிடைத்தால், பாவிக்கும் அமுக்கத்தின் ஒன்றரை மடங்குக்கு ஏற்றிப் பார்ப்பது மிக நல்லது. நாலைந்து வீட்டார் சேர்ந்தால் செலவு பெரிதாக இராது.

கழிவுக் குழாயையும் கீழ் வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். குழியைக் கட்டியபின் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விடுங்கள்.

எல்லாம் சரியென்றால், மூடுமுன் தொலைபேசியால் படம் பிடியுங்கள். எந்த மூலையிலிருந்து எத்தனை அடியில் குழாய் போகிறதென்று ஒரு தாளில் வரைந்து, காணிப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பின்பு ஆணி அடிக்கும்போது சண்டை வராது.

வீட்டில் ஏற்கனவே குழாய் இருப்பவர்களும் இரவில் எல்லா டெப்பையும் மூடி, தாங்கியின் மட்டத்தை அடையாளமிட்டுக் காலையில் பார்க்கலாம். மானி உள்ளவர்கள் மானியைப் பார்க்கலாம். செக்கனுக்கு ஒரு துளி சொட்டும் டெப் நாளொன்றுக்கு நாலு லீற்றருக்கு மேல் வீணாக்கும். பத்து நிமிடத்தில் ஒரு லீற்றர்ப் போத்தலை நிரப்பும் மெல்லிய கசிவு நாளொன்றுக்கு 144 லீற்றரை வீணாக்கும்.

கூலியும் பேச்சும்

வீடமைப்புக் காசு எங்களுக்கு எப்படிக் கிடைத்தது? ஒரு கட்டம் முடிந்து, வந்து பார்த்தபின், அடுத்த கட்டத்துக்குக் காசு. அதே ஒழுங்கைக் குழாய் வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம். தொடங்கும்போது ஒரு பங்கு. குழாய் பதித்துப் பரீட்சை சரியாக முடிந்தபின் பெரிய பங்கு. பூச்சு முடிந்து ஒரு மாதம் பாவித்தபின் மிச்சம். இதை வேலை தொடங்குமுன் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பம் இடுங்கள். எந்தக் குழாய், எத்தனை டெப், நெருப்பில் வாட்டும் மூட்டு இல்லை, கசிந்தால் எத்தனை மாதத்துக்குள் இலவசமாகத் திருத்துவது என்பன அதில் இருக்கட்டும். எழுதிக் கேட்பது அவநம்பிக்கை அல்ல. இருவருடைய நினைவுக்கும் அது ஒரு துணை.

இனி எங்கள் பக்கத்து நியாயத்தையும் பார்ப்போம். "அவர் இவ்வளவுக்குச் செய்கிறார், நீயும் குறை" என்று கூலியை அடிமட்டத்துக்கு இறக்குகிறோம். "சொக்கெட் எதற்கு, வாட்டிச் செருகு" என்று சொல்வதும் சில வேளை நாங்கள்தான். அடுத்த நாளே மேசன் வர வேண்டும் என்று அவசரப்படுத்துவதும் நாங்கள்தான். மலிவான குழாயை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கசிவுக்குப் பாஸைக் குற்றம் சொல்வது நீதியல்ல. பரீட்சைக்கு ஒரு நாள் காத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. அந்த நாளின் கூலியைக் கொடுப்பதும் அப்படியே.

பேசித் தீராத பிணக்குகள் வந்தால் உங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த இச்சபைகளில் சட்டத்தரணி தேவையில்லை. 2003 ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் பொருள் வாங்குவோருக்கும் சேவை பெறுவோருக்கும் பாதுகாப்புத் தருகிறது. இரண்டு இடத்திலும் உங்களிடம் முதலில் கேட்பது பற்றுச்சீட்டும் எழுத்தும்தான்.

தொழில் செய்யும் பிள்ளைகளுக்கு

பைப் வேலைக்குப் போகும் தம்பிமார் பலர் எங்கள் வீடுகளிலிருந்தே போகிறார்கள். தகப்பனுக்குத் தோட்டம் இருந்தது; மகனுக்குத் தோட்டம் இல்லை. ஒரு பாஸுக்குக் கையாளாகப் போய், பார்த்துப் பழகி, தானும் பாஸ் ஆனார். ஒருவரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. பிழையான முறையை அவர் பிழை என்று அறியாமலே கற்றிருக்கலாம். அதற்காக அவரை இகழ வேண்டாம். ஆனால் அறிந்தபின் மாற்றாமல் இருப்பது வேறு கதை.

காணியை விட்டு வரலாம், தொழிலை விட்டு வர வேண்டியதில்லை. கையில் உள்ளதை எவரும் பறிக்க முடியாது. ஆனால் அதற்குச் சான்று வேண்டும். இலங்கையில் தேசிய தொழிற்றகைமை என்ற 7 நிலைகளைக் கொண்ட சான்றிதழ் முறை உண்டு. மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இதற்குப் பொறுப்பு. நீர்க்குழாய் பொருத்துநர் தொழிலும் அதில் அடங்கும். பாடநெறிக்குப் போகாதவர்களும் ஏற்கனவே பெற்ற அனுபவத்தைக் காட்டி, செய்முறைப் பரீட்சைக்குத் தோற்றிச் சான்றிதழ் பெற வழியுண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையத்திலோ, தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையிலோ விசாரியுங்கள். பிரதேச செயலகத்தில் கேட்டாலும் வழி சொல்வார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகும்போதும் அந்தத் தாள் பேசும்.

சான்றிதழுக்கு முன்பே கடைப்பிடிக்கக்கூடிய மூன்று ஒழுங்குகள் உண்டு. பரீட்சிக்காமல் மூட விடாதீர்கள். வீட்டுக்காரர் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். தெரியாத வேலையைத் தெரியாதென்று சொல்லுங்கள். குறையென்று அழைத்தால் போய்ப் பாருங்கள். பிழை உங்களுடையதல்ல என்றாலும் போய்ப் பார்த்த பிறகே சொல்லுங்கள்.

அந்த வீட்டுக்குத் திரும்புவோம்

சுவரை உடைத்த பிறகு அந்தப் பெண் வேறு ஆளைத் தேடவில்லை. பழைய தம்பியையே கூப்பிட்டு, உடைத்த சுவரைக் காட்டினார். அவர் கன நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "ராத்தா, எனக்குப் பழக்கினவரும் இப்படித்தான் செருகினவர். சொக்கெட் வாங்கித் தாங்க. கூலி வேண்டாம்" என்றார். இந்த முறை தாங்கியை நிரப்பி ஒரு இரவு விட்டார்கள். காலையில் இருவரும் கடதாசியோடு மூட்டு மூட்டாகத் தொட்டுப் பார்த்தார்கள். கடதாசி உலர்ந்திருந்தது. அதன்பின்தான் மேசனுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் வீட்டில் கடைசியாகச் செய்த குழாய் வேலையை மூடுமுன் யார் பார்த்தார்கள்?
2. உங்கள் குழிக்கும் கிணற்றுக்கும், உங்கள் குழிக்கும் அயல்வீட்டுக் கிணற்றுக்கும் எத்தனை அடி? இந்த வாரம் அளந்து வந்து அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.
3. உங்கள் கிராமத்தில் குழாய் வேலை செய்யும் இளைஞர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்குச் சான்றிதழ் உண்டு? மற்றவர்கள் அதைப் பெறக் குழு என்ன உதவி செய்யலாம்?
4. பரீட்சைக் கைப்பம்பி ஒன்றைக் குழுவாக வாங்கிப் பொதுவில் வைத்திருக்க முடியுமா? யார் பொறுப்பெடுப்பார்?